பொடிசின் பல் கறுத்த கதை

அன்று காலை அந்த வீட்டிலிருந்து வந்த அலறல், பால் பொங்கி வழிந்ததற்கோ கரப்பான் பறந்ததற்கோ வருகிற அலறல் இல்லை. அந்த ரகங்களெல்லாம் எங்கள் தெருவுக்கு மனப்பாடம். இது வேறு. கேட்டவுடன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடவைக்கிற அலறல்.

விடுமுறை நாள். சின்ன மருமகள், தெருவுக்கே டீச்சர், மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பொடிசு சிரித்துவிட்டது. அந்தச் சின்ன வாய்க்குள் பல் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே இருட்டு.

"வாயைத் திற! நல்லாத் திற! ஐயோ... என்னடி இது? என்னத்தைத் தின்னே?"

குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. கண் மட்டும் பெரியம்மாவின் அறைப் பக்கம் போனது.

டீச்சர் மற்ற நாட்களில் விடியும்போதே பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவள். குழந்தைக்குப் பல் தேய்ப்பது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் பெரிய மருமகள் வேலை. லாரி ஓட்டுகிற கணவன் எப்போதாவது வருவான், பிள்ளை இல்லை, ஒரு தையல் இயந்திரம்தான் துணை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள் என்பதால் தெரு அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வைத்திருந்தது. எங்கள் தெரு எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெயர் கொடுத்துவிடும்.

கொஞ்ச காலமாகவே அந்த வீடு சரியில்லை. பட்டப்பகலில், தையல் இயந்திரம் ஓய்ந்த நேரத்தில், நடு அறைச் சுவரிலிருந்து சரக்... சரக்... என்று ஒரு சத்தம். யாரோ உள்ளே இருந்து நகத்தால் பிறாண்டுவதுபோல. எலி என்று பொறி வைத்தார்கள். பொறியில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு நாள் பெரியவள் தனி ஆளாக இரும்பு பீரோவைத் தள்ளி அந்தச் சுவரை மறைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சத்தம் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"செத்தும் அவளுக்கு நிம்மதி இல்ல" என்று மாமனார் தன் மறைந்த மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "சுவத்துக்குள்ள இருந்து என்னைக் கூப்பிடறா." உயிரோடு இருந்தபோது அவள் கூப்பிட்டதற்கு அவர் ஒரு முறையும் திரும்பிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்திலேதான் பொடிசும் வெளுத்துக்கொண்டே வந்தது. உதடு காகிதம் மாதிரி ஆனது. விளையாட அழைத்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடும். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகியது. 'என்ன அடக்கமான பிள்ளை!' என்று தெரு மெச்சியது.

இப்போது டீச்சர் ஓரகத்தியின் தையல் பெட்டியைக் கவிழ்த்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டிப் புட்டி உருண்டது. மேலே ஒரு சீட்டும் இல்லை. உள்ளே கன்னங்கரேல் என்று ஒரு திரவம். மூடியைத் திறந்தால் துருப்பிடித்த ஆணியின் வாடை.

"என்ன இது?"

பெரியவள் புட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"எம் பொண்ணுக்கு இதைத்தான் குடுத்தியா? வாயைத் திறந்து சொல்லேன்!"

"குடுத்தேன். கெட்டதுக்கு இல்லம்மா..."

"அவ மொகத்தைப் பாரு! ரத்தம் ஒரு சொட்டு இருக்கா? உறிஞ்சிட்டியேடி பாவி! பெத்திருந்தா தெரியும் பெத்தவ வயித்தெரிச்சல். உனக்கு எங்க தெரியப்போவுது!"

இந்தக் கடைசி வாக்கியம் வாசலில் வைத்துச் சொல்லப்பட்டது. கேட்க ஆள் இல்லாமல் இல்லை. பெரியவள் புடவை நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். 

"வெளியே அனுப்புடா இவளை!" என்று டீச்சரின் கணவனான சின்ன மகனைப் பார்த்துக் கத்தினார் மாமனார். "இனி குழந்தையைத் தொடக் கூடாது!"

"முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் போலீஸ்" என்றாள் டீச்சர். புட்டியை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பொடிசு பெரியம்மாவின் சேலையை விடவில்லை. விரலைப் பிரிக்க முடியாமல் அவளையும் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

டாக்டரம்மா புட்டியை முகர்ந்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்து, "ஏம்மா, நான் குடுத்த மருந்துதானே இது? எதுக்கு வேற புட்டியில ஊத்துனீங்க?" என்றார்.

டீச்சருக்கு நாற்காலி தேவைப்பட்டது.

"இரும்புச் சத்து டானிக். உங்க பொண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. அதனாலதான் சுவத்தைச் சுரண்டித் தின்னிருக்கா. இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. பெயின்ட்ல விஷம் ஏதாவது ஏறியிருக்கான்னுகூட டெஸ்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் இல்ல. ஸ்ட்ரால உறிஞ்சிக் குடிச்சு, வாயைக் கொப்புளிக்கச் சொன்னேனே?"

"உறிஞ்சத் தெரியலைங்க, துப்பிடறா... ஸ்பூன்ல குடுத்துட்டேன்" என்றாள் பெரியவள் குற்றவாளிபோல.

"மருந்து பல்லுல பட்ட வெறும் கறைதான். போயிடும்." டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, எட்டி டீச்சரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "உங்களுக்கும் வெளுத்துக் கிடக்கே. நீங்களும் எதையாவது தின்றீங்களா?"

"நானா! சேச்சே!"

பெரியவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் யாரிடமும் பேசாமல் பீரோவைத் தள்ளினாள். பின்னால் இருந்த சுவரில் ஒரு குழி. குழந்தையின் முகம் அளவுக்கு, குழந்தையின் உயரத்தில். ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல் தடங்கள். அந்தச் சுவரே வாய் திறந்து அவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது. மாமனார் அறை வாசலைத் தாண்டி வரவில்லை.

அதற்கு மேலே இன்னொரு குழி. வளர்ந்த பெண்ணின் வாய் உயரத்தில். கொண்டை ஊசியால் சுரண்டிய கோடுகள்.

டீச்சரின் கை தானாகத் தன் கொண்டைக்குப் போனது.

"உங்களுக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ இவளை வயித்துல சுமந்தப்போ. இவ பொறந்ததும் நீ விட்டுடுவேன்னு நெனச்சேன். அப்புறம் பையில சாக்பீஸ் பொடியா வந்துது. இவ உன்னைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டா. குழந்தையைப் பத்திச் சொன்னா உன்னையும் சொல்லணும்..."

"என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே அக்கா!"

"ஒருநாள் ஆரம்பிச்சேன். 'என் விஷயத்துல தலையிடாதீங்க'ன்னு கதவைச் சாத்திட்ட. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா? நாலு பேர் டீச்சர்னு மரியாதையாக் கூப்பிடறாங்க. சுவர்தின்னி, பைத்தியம்னு பேர் வெச்சா அது சுடுகாடு வரைக்கும் கூட வரும். எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே, இன்னொண்ணு சேந்தா என்ன?"

டீச்சர் அப்படியே காலடியில் சரிந்தாள். "நான் பேசின பேச்சு... அந்த ஒரு வார்த்தை... எப்படிக்கா திருப்பி எடுப்பேன்?" பெரியவள் அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "விடும்மா. பயத்துல வந்த வார்த்தை" என்றாளே தவிர, அவள் உடம்பின் நடுக்கம் நிற்கவில்லை. அது மட்டும் உண்மை: மன்னித்த பிறகும் சில வார்த்தைகள் உடம்பில் தங்கிவிடும்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். தற்செயலாக அங்கே நின்றிருந்த ஏழெட்டுப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அக்கா குழந்தைக்கு மருந்துதான் குடுத்தாங்க. சுவத்தைத் தின்னது எம் பொண்ணு. அவளுக்கு முன்னாடி நான். இப்பவும் நிறுத்தல. என்ன பேர் வேணா வெச்சுக்கங்க!"

 குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் மூடவில்லை.

"போதும்டி!" பெரியவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அன்றுதான் தெரிந்தது. "உள்ள வா. இவங்களுக்கு என்ன, வேடிக்கை பாக்கக் கூலியா குடுக்கறோம்?"

கதவு சாத்தப்பட்டது.

பெயர் வைக்கலாம் என்றுதான் தெரு உட்கார்ந்தது. ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய எங்கள் தெருப் பெண்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், எல்லோரும் எதிரே இருந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.