ஏறுகிறவருக்கு வழி

வழிவிட்டு ஒதுங்கிய நீலத் தொப்பிக்காரர் நின்ற இடத்தில் கால் வைக்க இடமே இல்லை என்பது, அவரைத் தாண்டிப் பத்தடி நடந்த பிறகுதான் லைல் ஹெண்ட்ரிக்சனுக்கு உறைத்தது.

பாதை ஒரு முழ அகலம். இடப்பக்கம் பாறைச் சுவர். வலப்பக்கம் வெறும் காற்று; அதன் அடியில், வெகு ஆழத்தில், ஏரி ஒரு பச்சைப் பொட்டாகக் கிடந்தது. அந்தக் கரையில்தான் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி கொரீனை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மத்தியானம் இடி வர்றதுக்குள்ள இறங்கிடணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நீதானே?" என்று கிளம்பும்போது அவள் கேட்டிருந்தாள்.

"கணவாயைத் தொட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"வரலைன்னா நானே ஏறி வருவேன். முட்டி போனாப் போகுது. உன்னை இழுத்துட்டு வர்றது எனக்கென்ன புதுசா?"

லைல், கொலராடோவின் ஒரு மலைநடையர் சங்கத்துச் செயலாளர். வியர்வையைத் தானே உலர்த்திக்கொள்ளும் என்று விற்கப்பட்ட சட்டை அவர் முதுகில் சொதசொதவென்று ஒட்டியிருந்தது. ஏறுகிறவருக்கே வழி, இறங்குகிறவர் புன்னகையோடு ஒதுங்க வேண்டும் என்ற விதியைக் கூட்டத்துக்குக் கூட்டம் அவர் முழங்குவார்; கேட்பவர்கள் பிஸ்கட்டுக்காகக் காத்திருப்பார்கள்.

கண்ணை ஏமாற்றுகிற உயரம், வேறொன்றுமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவர் நடந்தார். வெயிலில் காய்ந்த கல்லின் வாசனையோடு நனைந்த இரும்பு வாசனை ஒன்றும் மெல்லக் கலந்தது. சரிவெங்கும் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்த மலை அணில்கள் யாரோ அதட்டியதுபோல ஒரே நேரத்தில் அடங்கின. அடுத்த வளைவில் ஓர் இளம் ஜோடி இறங்கி வந்தது. சரளைக்கல்லில் அவர்கள் காலடி கேட்கவில்லை. இருவரும் புன்னகைத்தபடி வலப்பக்கம் ஒதுங்கினார்கள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தாங்க," என்றாள் அந்தப் பெண். "விட்டுடாதீங்க."

லைல் குனிந்து அவள் காலணியைப் பார்த்தார். அதன் அடியில், வெகு கீழே, ஒரு பருந்து வட்டமடித்தது.

நன்றி சொன்னார். பழக்கம், என்ன செய்வது!

வேகமாக ஏறினார். மூச்சு இரைந்தது. கணவாய் மேகத்துக்குள் போயிருந்தது. மேகத்திலிருந்து ஒருவர் இறங்கினார்.

கீழே தாண்டி வந்த அதே நீலத் தொப்பி. அதே புன்னகை.

"இன்னும் கொஞ்ச தூரந்தாங்க."

கணவாய் போகட்டும். கொரீன். கொரீனிடம் போய்விட வேண்டும். லைல் திரும்பினார். இறங்கினார். ஓடினார்.

கீழ் வளைவில் ஊன்றுகோல் கல்லில் தட்டும் சத்தம். நிஜமான சத்தம். இரைக்கும் மூச்சு, முணுமுணுக்கும் வசவு.

"லைல்! சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டிடுச்சுடா!"

அவள் ஏறிக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

இடது கால் தானாக விளிம்பைத் தாண்டி நகர்ந்தது. வேண்டாம் என்றார். குரல் வரவில்லை. வலது காலும் போயிற்று. விழவில்லை. அடியில் எதுவும் இல்லை; குளிர் மட்டும். உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டன.

திரும்பிப் போ. போ, கொரீன். போ.

பல் தெரிந்தது. அவ்வளவுதான்.

கொரீன் பாறைச் சுவரைப் பிடித்தபடி, கால் வைக்கும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நெருங்கினாள். பக்கத்தில் வந்ததும் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

"அடேயப்பா, இப்படிச் சிரிச்சு உன்னைப் பார்த்ததே இல்லையே! அப்போ மேல அவ்ளோ அழகாவா இருக்கு?" என்றாள். "சரி, இவ்ளோ தூரம் வந்தாச்சு. நானும் பார்த்துட்டே வந்துடறேன். நீ அங்கயே நில்லு."

நொண்டிக்கொண்டே அவரைத் தாண்டி ஏறினாள். மேகம் வரைக்கும், பாதையின் விளிம்புக்கு அப்பால், வரிசையாக அவர்கள் அவளுக்கு ஒதுங்கி நின்றார்கள்.