பதினோரு மணி நேர மழை

"கம்ப்யூட்டரை உங்க பேர்ல எழுதி வாங்கிட்டீங்களா?"

அவள் நிமிர்ந்தாள். வாசலில், மழையில் நனைந்த சட்டையோடு ஒருவன். குரலில்தான் கோபம்... கண்களுக்கு அது பழக்கமில்லை போலிருந்தது. மூன்றாம் மாடியில் பாலங்களின் அதிர்வைக் கணக்கிடுபவன், எல்லோருக்கும் பாலத்துக்காரர். ஆய்வுக்கூடத்தின் ஒரே பெரிய கணினியை ஒருவர் எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். காலையிலிருந்து நான்கு மணி நேரமாக அதில் அவளுடைய வெள்ளக் கணக்குதான் ஓடியது.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்ல இன்னும் ஏழு மணி நேரம் ஆகும் என்றாள், வெடுக்கென்று.

அவன் திரையை எட்டிப் பார்த்தான். கணினியின் மூளைகளான பதினாறு கோர்களில் ஒன்று மட்டும் மூச்சு வாங்கியது, மற்றதெல்லாம் சும்மா. நிலப்படத்தில் நாற்பது லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றாகப் போய்க் கணக்கிட்டு வரும் லூப், ஒரே கட்டளையின் சுழற்சி.

"வாளி இருக்கும்போது ஸ்பூன்ல தண்ணி இறைக்கிறீங்களே..." சிரித்துவிட்டான்.

மூன்று வருட உழைப்பு. சுருக்கென்று தைத்தது. "உங்களைக் கேட்டேனா?"

அவன் முகம் வாடிவிட்டது. திரும்பி மாடி ஏறிவிட்டான்.

அன்று மாலை, கணக்கு முடிவதற்குள் ஆற்றோரத் தெருவில் தண்ணீர் புகுந்துவிட்டது. தெருக்காரர்கள் எல்லோரும் மொட்டைமாடி ஏறித் தப்பினார்கள். எச்சரிக்கைதான் போய்ச் சேரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வீம்பை விழுங்கிக்கொண்டு மாடி ஏறினாள். உதவி கேட்க வாய் வருவதற்குள் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு, நேற்றுச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அடடா... இவ்வளவு மெதுவாகக்கூடப் பேசுவாரா?

மண்ணில் மழை ஊறும் கணக்கை, கட்டம் கட்டமாக அல்லாமல், மொத்த வரிசைக்கும் ஒரே வரியில் எழுதினான். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைப் பொறுத்தது என்பதால், தண்ணீர் ஓடும் கணக்கு அதற்கு மசியவில்லை. அந்த லூப்பை மட்டும் இயந்திர மொழிக்கு மாற்றி, பதினாறு கோர்களுக்கும் பங்கிட்டான். பதினோரு மணி நேர வேலை... ஆறே நிமிடம்!

ஆனாலும் பெய்த மழைக்குத் தண்ணீர் சரியாக வருகிறதா என்று அவள் கூட்டிப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். அதே கணக்குக்கு வேறு விடை வந்தது.

"பெய்ஞ்ச தண்ணியில கொஞ்சம் காணோங்க..."

யோசித்து அவளே பிடித்தாள். இரண்டு கட்டங்கள் ஒரே நொடியில் ஒரே பள்ளத்தில் ஊற்றும்போது, ஒன்று எழுதியதை மற்றது அழித்துவிடுகிறது. திருப்பி எழுதினாள்: யாரும் அடுத்தவர் கட்டத்தில் ஊற்றக் கூடாது, மேலே இருப்பவரிடமிருந்து தனக்கு வருவதை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். சொட்டுக்கூடக் குறையவில்லை.

அவன் பேயறைந்தவன் போல் உட்கார்ந்திருந்தான். பாலத்தின் பாரங்களை அவனும் அதே தவறான முறையில்தான் கூட்டியிருந்தான்.

"நாளைக்கு ஒரு பாலத்துக்குக் கையெழுத்துப் போட இருந்தேன்..." கையெழுத்துக்கான தாளை ஓரமாக வைத்தான். "உங்களாலதான் தப்பிச்சேன்."

அடுத்த வாரம் மழை கொட்டியது. காலை பத்து மணிக்கே எச்சரிக்கை போனது. தண்ணீர் வருமுன் தெருவே காலி. நன்றி சொல்ல அவள் படியேறினாள். அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். ஜன்னலோரம் இருவரும் நின்றார்கள்... சாரல் முகத்தில் தெறித்தது. அவன் ஏதோ சொல்ல வந்து, பாலத்தைப் பற்றி, மழையைப் பற்றி, என்னென்னவோ உளறினான்.

அவளே சொன்னாள். "உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்தே அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. கைகூப்பாத குறையாக நின்றான்.

"ரொம்ப... ரொம்ப நன்றிங்க."

இதற்குப் போய் யாராவது நன்றி சொல்வார்களா? சிரித்துக்கொண்டே அவன் கையைப் பற்றினாள்.