தம்பி நுழைய மறுத்த அறை

"வாடா உள்ள!"

"மாட்டேன்."

"இன்னாடா ஆச்சு?"

"இந்த வூடு நல்லா இல்ல."

என் தம்பி பகலவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று.

அது வீடே இல்லை. எங்கள் ஊரின் புது மாலை வகுப்பறை. இதுவரை பலா மரத்தடியில்தான் படித்தோம். கல்வராயன் மலையில் மழைக்காலம் வந்தால் பாதி நாள் வகுப்பு நனைந்துபோகும். அதனால்தான், சுவரும் கூரையும் முடிந்ததுமே, பூச்சு வேலைக்குக்கூடக் காத்திராமல் தனுஷா அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டார். எங்களுக்குப் பாடம் நடத்துவது அவர்தான்.

பகலவன் ஒன்றாம் வகுப்பு. நான் எழில்மதி, ஆறாம் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் சாமைக் கொல்லையிலிருந்து திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை தம்பி என் பொறுப்பு.

"அவன் போகலைன்னா நீயும் வூட்டுலயே இரு. தனியா வுட்டுட்டுப் போவாத" என்று அன்று இரவே அம்மா சொல்லிவிட்டார்.

எனக்கு வகுத்தல் கணக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபடத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்தில் வகுப்பை விட்டுவிட்டால்?

அழுது பயனில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள், முதலில் சிமெண்ட் வாசனை. வேப்பிலைக் கொத்து ஒன்றை உள்ளே தொங்கவிட்டேன். பகலவன் வரவில்லை.

அடுத்து இருட்டு. அக்காவின் சோலார் விளக்கை வாசலுக்கு நேராக வைத்தேன். அப்போதும் வரவில்லை.

பேசினால் சுவர் திரும்பப் பேசுகிறதே, அதுதான் பயமோ? தரையில் பாய்கள் விரித்தோம். எதிரொலி அடங்கியது. எங்கள் வகுப்பு வெற்றிசெல்வன் பாயில் படுத்துத் தூங்கிவிட்டான். பகலவன் மட்டும் வரவே இல்லை.

"உன் தம்பிக்கு மாப்பிள்ளை முறுக்கு. மேளம் வெச்சு அழைச்சாத்தான் வருவான்" என்று கேலி செய்தாள் கூடப் படிக்கும் தமிழ்ப்ரியா.

நான் வெளியே போய்ப் பார்த்தேன். வாசலில் தம்பியைக் காணோம்!

பதறிப்போய்த் தேடினேன். மீதமிருந்த செங்கற்களை ஓர் ஓரமாக இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார்கள். அதன் பின்னால் சமத்தாக உட்கார்ந்து, சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தான் பகலவன். நடுநடுவே செங்கல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"இன்னாடா பண்ற?"

"அம்மா வருதான்னு பாக்கறேன்."

நானும் கண்ணை வைத்தேன். கொல்லையிலிருந்து ஊருக்கு வரும் ஒற்றையடிப் பாதை முழுதாகத் தெரிந்தது. பலா மரத்தடியிலிருந்தும் இதே பாதை தெரியும்.

விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு எப்போதும் இப்படித்தான். ஒன்றைச் சரி என்று நினைத்த உடனேயே, சரிதானா என்ற சந்தேகமும் வந்துவிடும். அதனால் அறைக்குள் ஓடிப்போய், பகலவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தேன்.

பாதைப் பக்கச் சுவரில் ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆனால் அது சின்னதாக, எங்கோ உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் வானம் மட்டும் தெரிந்தது. அந்த அறை எங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருந்தது.

"இன்னாம்மா, கூரை ஒழுவுதான்னு பாக்கறியா?" என்றபடி வந்தார் பிச்சைமுத்து மேஸ்திரி. கச்சிராயபாளையத்திலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்.

"இல்லீங்க. ஜன்னல் ஏன் இவ்ளோ மேல இருக்குது?"

"எங்க ஊர்ப் பக்கம் கரும்புத் தோகை கொளுத்துவாங்க. கீழ ஜன்னல் வெச்சா சோத்துல கரி வுழும். அதான் மேல வெச்சே பழக்கம்."

"இங்க கரும்பே இல்லியேங்க?"

மேஸ்திரி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அட, ஆமா! கை பாட்டுக்குக் கட்டிடுச்சு. ஆனா ஜன்னல் கம்பி அந்த அளவுக்கே செஞ்சு வந்துடுச்சே. பெரிசாக்க முடியாதும்மா. நாளைக்குப் பூச்சு வேற ஆரம்பிக்கணும்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சொல்லலாமா, வேண்டாமா? சிரிப்பாரோ? மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"ஜன்னல் அப்படியே இருக்கட்டுங்க. அதுக்குக் கீழ இருக்கிற செங்கல்லை எடுத்துட்டு, வெளில அடுக்கி வெச்சிருக்கீங்களே, அது மாதிரி இடுக்கு வுட்டு வெக்கலாமா? உக்காந்தா பாதை தெரியும்."

மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளியே போய்ச் செங்கல் அடுக்கையும் அதன் பின்னால் இருந்த பகலவனையும் பார்த்தார். உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இங்கிருந்து பாத்தா சுவரு மலையாட்டம் நிக்குதே! நான் நின்னுக்கினே கட்டிட்டேன்" என்றார். "செய்யலாம். ஜன்னலுக்குக் கீழதானே, பாரம் ஏறாது. அக்காகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

தனுஷா அக்கா உடனே சரி என்றார். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்தபோது அவரும் சம்மதித்தார்.

மறுநாள் மாலை ஜன்னலுக்குக் கீழே கட்டம் கட்டமாக ஓட்டைகள் இருந்தன. வெயில் அவற்றின் வழியே வந்து தரையில் சின்னச் சின்னத் துண்டுகளாக விழுந்திருந்தது.

பகலவன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். நான் கூப்பிடவில்லை. அவன் மெல்ல உள்ளே வந்து ஒரு வெயில் துண்டின் மேல் உட்கார்ந்தான். இடுக்கில் கண்ணை வைத்தான். பிறகு சிலேட்டை எடுத்து எழுதத் தொடங்கினான்.

அப்பாடா! என் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது.

பொழுது சாயும்போது அம்மா வாசலில் வந்து நின்றார். தலையில் புல்கட்டு.

"தூரத்துல வரும்போதே ஓட்டை ஓட்டையா உங்க தலைங்க தெரிஞ்சுது. பள்ளிக்கூடமே என்னைப் பாத்து 'வா'ன்ற மாதிரி இருந்துது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"இரு எழிலு. வூட்டுக்கு அப்புறம் போலாம்" என்றான் பகலவன், சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் இன்னும் முடிக்கல."