எதிர் நாற்காலியின் பென்சில்

அவள் வரியைப் படித்து முடிப்பதற்குள், மேசையின் எதிர்ப் பக்கத்தில் பென்சில் இரண்டு முறை தட்டியது.

மெய்ப்புப் பார்ப்பதில் அவளுக்கும் கணவருக்கும் இருபது வருடப் பழக்கம் அது. பழைய பதிப்பை அவள் கமா, புள்ளி விடாமல் உரக்கப் படிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து புதிய பதிப்பில் விரல் வைத்துக்கொண்டே வருவார். வித்தியாசம் கண்ணில் பட்டால் பென்சிலால் டொக், டொக். "வாய் உனக்கு, காது எனக்கு. கல்யாணத்தன்னைக்கே பேசிக்கிட்டதுதானே?" என்று சிரிப்பார்.

அவர் இறந்துபோய் ஐந்து வாரமாகிறது.

"சின்னப் பசங்க படிக்கிற மர்மக் கதைதானேக்கா, நீங்க தனியாவே ஒப்பிட்டுப் பாத்துருங்க" என்று பதிப்பாளர் இரண்டு புத்தகங்களையும் கொடுத்திருந்தார். கைப்பழக்கத்தில், புதியதை அவர் நாற்காலிக்கு முன்னால் விரித்து, பக்கத்தில் அவர் பென்சிலையும் வைத்துவிட்டாள்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மதியம். எழுந்து போய்ப் பார்த்தாள். பழையதில் அண்ணனும் தங்கையும் மெழுகுவத்தியோடு நிலவறைக்குள் இறங்கினார்கள். புதியதில் டார்ச் விளக்கோடு. தட்டியது சரிதான்.

"ஏங்க?" என்றாள்.

ஜன்னல் கம்பியில் காற்று உரசும் சத்தத்துக்கு நடுவே, அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பென்சில் சீவல் வாசனை மட்டும் மெல்ல எழுந்து மேசை முழுக்கப் பரவியது.

தன் நாற்காலிக்குத் திரும்பினாள். படிப்பதை நிறுத்தினால் அவர் போய்விடுவார். படித்தாள். டொக், டொக். அழுதுகொண்டே குறித்தாள். எதிரே பக்கம் தானாகப் புரண்டது. மறுபடி படித்தாள்.

"நிலவறையில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை."

டொக், டொக்.

எட்டிப் பார்த்தாள். புதியதிலும் அதே வரி. எழுத்துக்கு எழுத்து அதே.

"ஒண்ணும் மாறலையேங்க. சரியாத்தானே இருக்கு?"

அவர் ஒருநாளும் தவறாகத் தட்டியதில்லை. இன்னொரு முறை படித்தாள், மெதுவாக.

"இருவரைத் தவிர வேறு யாரும்..."

டொக், டொக். டொக், டொக். அவசரமாக. கெஞ்சுவது போல.

பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

சீவல் வாசனை இல்லை. ஈர மண் வாசனை. அவள் நாற்காலிக்குப் பின்னால். பிடரியில் வேறு யாருடைய மூச்சோ.

எதிரே அவர் நாற்காலி தரையில் உராய்ந்தபடி பின்னால் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும். சுவரில் முட்டிய பிறகும், அதன் கால்கள் பின்னால் போகத் தவித்துத் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தன.