மழைக்கோட்டின் அம்மா

"கட்" என்று மகள் சொன்ன பிறகும் அம்மாவின் கை மழைக்கோட்டின் தோளை விட்டு இறங்கவில்லை.

கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த முக்காலி சிரித்துவிட்டான். கேமராவைத் தாங்கும் மூன்றுகால் ஸ்டாண்டைப் போலவே நெடுநெடுவென்று இருப்பதால் கல்லூரியில் அவனுக்கு அந்தப் பெயர். "ஆன்ட்டி, முடிஞ்சது. ஷாட் ஓகே," என்றான். அம்மா திரும்பவில்லை. நாற்காலியில் ஹேங்கரோடு உட்காரவைத்திருந்த அந்த மஞ்சள் கோட்டின் தலைமூடியைத் துண்டால் இன்னும் ஒருமுறை ஒற்றினாள்; காலரைச் சரிசெய்தாள்; "போய்ப் படு கண்ணு," என்று தணிந்த குரலில் சொன்னாள். பிறகுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து மகளைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிறே? லைட்டை அணை. கரண்ட் பில்லை உங்க காலேஜா கட்டும்?"

அவள் விளக்கை அணைத்தாள். ஷாட் பிரமாதமாக வந்திருந்தது.

இறுதியாண்டுக்கு அவள் எடுக்கும் குறும்படம் அது. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதிய அபத்தப் படம். ஒரு தாய், அவளுடைய ஒரே மகள் ஒரு மழைக்கோட்டு. அதைப் பற்றி ஊரில் ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. தாய் கோட்டை எழுப்புகிறாள், பரீட்சைக்கு அனுப்புகிறாள், மழையில் நனைந்து வந்தால் தலை துவட்டுகிறாள். கோட்டு நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலையும் வாங்கிவிடுகிறது. கோட்டைக் கல்லூரியின் பழைய சாமான் அறையிலிருந்து எடுத்துவந்தாள். அம்மாவை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். "அன்பாகப் பேசுகிறாள்" என்று மட்டும் எழுதி, வசனத்தை அம்மாவிடமே விட்டுவிட்டாள். அம்மா தடுமாறுவாள், அதில் சிரிப்பு வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அம்மா தடுமாறவே இல்லை. இரண்டாவது டேக்கே தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. நாள் முழுவதும் சட்டைகளைப் புரட்டுவாள். கோணல் தையல், விட்டுப்போன பொத்தான், நூல் பிசிறு எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை அவளால் கழற்றிவைக்க முடிந்ததில்லை. மகள் நடந்தால் கூன் தெரியும், சிரித்தால் ஈறு தெரியும், பேசினால் அப்பாவின் அசட்டுத்தனம் தெரியும். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அம்மா குறை காண ஆளென்று இருந்தது இவள் ஒருத்திதான். தன்னைக் "கண்ணு" என்று அம்மா கூப்பிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. அந்தச் சொல் அம்மாவிடம் இருக்கிறது என்பதே கேமராவின் சின்னத் திரையில்தான் அவளுக்குத் தெரியவந்தது.

எடுத்தவரைக்கும் வகுப்பில் போட்டுக்காட்டியபோது பேராசிரியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இந்தம்மா நடிக்கிறாங்கன்னே தெரியலையேம்மா. அந்தக் கோட்டு மேல எனக்கே பொறாமையா இருக்கு," என்றார். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் அவள்தான். அன்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஒரு மழைக்கோட்டின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று அழுதாள்.

படப்பிடிப்பு முடியும்வரை கோட்டு ஹாலில் ஆணியில் தொங்கும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு நாள் ஆணி காலியாக இருந்தது. "ஹால்ல தூசி படும்," என்று அம்மா அதைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டாள். ஹாலில் படுத்திருந்த அவளுக்கு அதன்பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. மின்விசிறியின் கடகடப்புக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், ரப்பரை யாரோ மெதுவாக மடித்து விரிப்பதைப் போன்ற ஒரு கிறீச்சொலி வரும்; அதன் பின்னாலேயே அம்மாவின் முணுமுணுப்பு வரும். அவள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டியதை அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மாடி ஏறினால் முட்டி விட்டுப்போகிறது என்றாள். பயமாக இருக்கிறது என்றாள். இவளிடம் ஒரு நாளும் சொல்லாத சங்கதிகள். இடையிடையே நிறுத்துவாள், பதில் கேட்பவளைப் போல. பிறகு லேசாகச் சிரிப்பாள்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் அவள் அறைக்குள் போய்ப் பார்த்தாள். கோட்டு கட்டிலில் படுத்திருந்தது. போர்வை இடுப்பளவுக்கு. ரப்பர் வாடையோடு அம்மாவின் முகப்பவுடர் வாசனையும் வந்தது. "வசதிதான் உனக்கு," என்று சொல்லிக்கொண்டே கோட்டின் கைக்குள் கையை விட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கையின் கதகதப்பு.

கையை உருவிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள். வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த முக்காலி அவள் கழுத்திலிருந்து எதையோ உரித்தெடுத்தான்.

"என்னடி இது, உங்கம்மா உன்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?"

அவன் விரல் நுனியில் குட்டிச் சிவப்பு அம்பு. அவளும் சிரித்துவைத்தாள். பிடரியில், முடி தொடங்கும் இடத்தில் ஒட்டியிருந்ததாம். அவ்வளவு பக்கத்தில் அம்மா வந்தது எப்போது? தூங்கும்போதுதான் வந்திருக்க வேண்டும். தலைமாட்டில் உட்கார்ந்து, முடியை விலக்கி, பார்த்திருக்க வேண்டும்.

அன்றே கதையின் முடிவை மாற்றினாள். கடைசி ஷாட்டில் தாய் மகளைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டுகிறாள். அபத்தத்துக்கு அபத்தமும் ஆயிற்று, தொல்லையும் ஒழிந்தது. சனிக்கிழமை மதியம் முக்காலி கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, மறுநாள் படப்பிடிப்புக்காக ஹாலிலேயே விட்டுப்போனான். அவன் போனதும் புது முடிவை அம்மாவிடம் சொன்னாள்.

அம்மாவின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிற்று. "கத்தரிக்கறதா? யாரை?"

"யாரை இல்லம்மா. எதை."

"இலக்கணமெல்லாம் உன் வாத்தியார்கிட்ட வச்சுக்கோ. என்னால முடியாது. உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"அது கோட்டும்மா! நான்தாம்மா உன் பொண்ணு!"

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். செக்கிங் மேசையில் பார்க்கும் பார்வை. "சத்தம் போடாதே," என்றாள். "உள்ள தூங்குறா."

அம்மா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அவள் கோட்டைக் கட்டிலிலிருந்து இழுத்தாள். கனத்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் அதைத் திணித்து, ஹேங்கரின் கம்பி வெளியே நீட்டியபோது அதையும் மிதித்து உள்ளே தள்ளினாள். அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. குடையில்லை. மனசு மட்டும் லேசாக இருந்தது. எங்கெங்கோ சுற்றி, அம்மா எப்படியெல்லாம் கத்துவாள், அதற்குத் தான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி, தொப்பலாக நனைந்து வீடு திரும்பினாள்.

தெரு முழுவதும் மின்சாரம் போயிருந்தது. வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அந்தி வெளிச்சத்தின் மிச்சம், ஜன்னலை அறையும் மழை, கூரை ஓரத்தில் சொட்டுச் சத்தம். நாற்காலி ஹாலின் நடுவே போடப்பட்டிருந்தது. பக்கத்தில் அம்மா நின்றாள். கையில் துண்டு.

"நனைஞ்சிட்டியா கண்ணு?"

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா, வந்து உக்காரு. சளி பிடிச்சுக்கப் போகுது."

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிற்று. போய் உட்கார்ந்தாள். துண்டு தலையில் இறங்கியது. அம்மாவின் விரல்கள் துண்டுக்குள்ளிருந்து மண்டையைத் தடவின, காதுமடலை ஒற்றின, பிடரிக்கு இறங்கின. "இப்படியா நனையறது, என் தங்கம்," என்றாள் அம்மா. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். கோட்டு போயிற்று, அம்மா வந்துவிட்டாள். இத்தனை எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் என்றைக்கோ செய்திருக்கலாமே. கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் வயிற்றில் தலையைச் சாய்த்தாள்.

ரப்பர் வாடை வந்தது.

கண்ணைத் திறந்தாள். எதிரே இருட்டில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. கிறீச் என்றது. தரையில் நீர் சொட்டியது.

"சரியா வரலம்மா."

அவளுடைய குரல். செட்டில் அவள் பேசும் அதே குரல், மரியாதையும் அவசரமுமாக. அவள் வாய் மூடியிருந்தது.

அம்மாவின் கை சட்டென்று விலகியது. "எது கண்ணு சரியில்ல?" என்று அம்மா கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"கை. கையில பாசமே இல்ல. நடிக்கிறது தெரியுது. இன்னொரு தடவை."

அம்மா துண்டை உதறினாள். இரண்டடி பின்னால் போனாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நனைஞ்சிட்டியா கண்ணு? வா, வந்து உக்காரு."

அதே குரல். அதே இழுப்பு. துண்டு இறங்கியது. மண்டை, காதுமடல், பிடரி. "இப்படியா நனையறது, என் தங்கம்."

"இல்லம்மா. இன்னும் வரல."

"நான் என்ன கண்ணு பண்றது," அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "இது ஆடுது. அசையாம இருக்க மாட்டேங்குது."

"இனிமே ஆடாது."

எழுந்து ஓட வேண்டும். எழ நினைத்தாள். தோள் எழவில்லை. முதுகுக்குக் குறுக்கே, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, ஹேங்கரின் கம்பி. சில்லென்று. உள்ளே. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. கத்தினாள். சத்தம் வரவில்லை.

"இன்னொரு தடவை."

துண்டு. மண்டை. காதுமடல்.

"இன்னொரு தடவை."

துண்டு.

வெளியே இருட்டிவிட்டது. மழை விட்டுவிட்டது. இடையிடையே அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்; குரல் மட்டும் தேனாக இருந்தது. ஒவ்வொரு முறையும் "கண்ணு" என்ற சொல் காதில் விழும்போது, எல்லாம் தெரிந்த பிறகும், அவளுக்குள் ஏதோ ஒன்று அந்தக் கையை நோக்கிச் சாய்ந்தது. இந்த முறை சரியாக வந்துவிட வேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாள். வந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

சிவப்புப் புள்ளிக்கு மேலே, கதவுக்கு இந்தப் பக்கம், இப்போது மஞ்சளாக ஏதோ நின்றது. அம்மா துண்டை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்து, வாயைப் பாதி திறந்தபடி, மகளின் தலைக்கு மேலே அசையாமல் நின்றாள். கண்கள் மகளைப் பார்க்கவில்லை. எப்போது தொடங்கலாம் என்று அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தன.