மூன்றாவது ஒன்ஸ்மோர்

"மூணாவது தரம் கத்துனது நீங்கதாங்க. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"கொட்டகையே கத்துச்சு மகதலேனா. என் தொண்டை மட்டுந்தான் ஒனக்குக் கேட்டுச்சா?"

லியனார்ட் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி அந்தப் பாட்டை முனகத் தொடங்கினான். அதுதான் அவளை உறுத்தியது. பூசையில் பாடினால் முன்வரிசை முகம் சுளித்துத் திரும்பிப் பார்க்கும் கட்டைக்குரல் அவனுடையது. செந்தூல் ரயில் பட்டறையின் சம்மட்டிச் சத்தத்தில் பாதிக் காது போனவன். இப்போது ஒரு பிசிறில்லாமல் பாடினான்.

சனிக்கிழமை கிள்ளானில் பார்த்த நாடகத்தின் பாட்டு அது. காதலி மடியில் தலைசாய்த்து இளவரசன் பாடுவான். கடைசி அடியில் உயிர் பிரியும். சனம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் செத்தவன் எழுந்து முதலிலிருந்து பாட வேண்டும். எந்த நாடகத்திலும் அதுதான் வழக்கம். இளவரசனாக நடித்த ராஜபார்ட் வேலாயுதம் இரண்டு தரம் எழுந்து, சரிகைச் சட்டையின் தூசியைத் தட்டிவிட்டுப் பாடினார். மூன்றாம் தரம் தட்டவில்லை. கண்ணும் சிமிட்டவில்லை. பாடி முடித்து விழுந்தவரைக் கூட்டத்திலிருந்து வந்து தொட்டுப் பார்த்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "விறைச்சுக் கெடக்குது. இது இப்பப் போன உயிர் இல்ல."

அன்றிரவே லியனார்டுக்குக் காய்ச்சல் கண்டது.

புதன்கிழமை அந்தியில், தகரக்கூரையில் மழை அறைந்துகொண்டிருக்க, நனைந்த கரிப்புகை சன்னல் வழியே உள்ளே கசிந்துகொண்டிருக்க, கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், முனகல் கடைசி அடிக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டு வள்ளியம்மா அவன் கண்களை மூடி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினாள்.

"கோயில் சாமியாரக் கூட்டியாறேன். தனியா விட்டுறாத, புள்ள."

கதவைச் சாத்திவிட்டு வள்ளியம்மா போனாள். மகதலேனா கட்டிலருகே உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம். அவன் சட்டையில் இன்னும் எண்ணெய் வாடை. செபமாலையின் மணிகள் விரலில் நகரவில்லை. சொல்லக்கூடாது என்று தெரியும். ஒரே ஒரு தரம். அவன் குரலுக்காக.

"ஒன்ஸ்மோர்."

கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்தான். கட்டிய வாய்க்குள்ளிருந்து பாட்டு. தேனாக. கடைசி அடி. சாய்ந்தான்.

மறுபடி சொன்னாள். எழுந்தான்.

இது அவன் குரல் இல்லை. வேலாயுதத்தின் குரல்.

மூன்றாம் தரம் சொன்னபோது, அவன் குரல் வெளிவரட்டும் என்று துணியின் முடிச்சை அவளே அவிழ்த்தாள். வாய் திறந்தது. பாட்டு. சாய்ந்தான். நான்காம் முறைக்கு அவள் உதடுகள் தாமாகவே குவிந்தன.

விறைத்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. மூடிய கண்கள் திறந்திருந்தன, சிமிட்டவில்லை. இப்போது கட்டைக்குரல். சுருதி சேராதது. அவனுடையதேதான்.

"வலிக்குது மகதலேனா. போதும்னு சொல்லு."