ஒரே ஒரு கையெழுத்து

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய செல்வப்பிரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பீரோவில் வைத்திருந்த ஆஸ்பத்திரி ஃபைல், தம்பி சிவப்பிரகாஷின் கையில் இருந்தது.

"என்னக்கா இது? கல்யாணமே ஆகாம கொழந்தைக்கு வைத்தியமா? நாப்பத்திநாலு வயசுல... ஊரே காறித் துப்புமே!"

"மெதுவாப் பேசு, சாமி..."

"எவன்கா அவன்? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது!

"எவனும் இல்லைடா. பேர் தெரியாத ஒருத்தர் தானமாக் குடுக்கற உயிரணு. மொதல்ல போன ஆஸ்பத்திரியில, புருசன் கையெழுத்து இல்லாம ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் விடலை. வக்கீலம்மாகிட்டச் சட்டத்தைப் படிக்கச் சொன்னேன். இருபத்தொண்ணு தாண்டி, ஐம்பதுக்குள்ள இருக்கற எந்தப் பொம்பளையும் போலாமாம். கல்யாணம் ஆயிருக்கோணும்னு இல்லை. இன்னைக்குப் பத்து மணிக்குக் கோயமுத்தூர்ல வரச் சொல்லியிருக்காங்க."

"சட்டம் சொன்னாப் போதுமா? அன்னைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க உங்களை வேண்டாம்னாங்க. அது உங்க தலையெழுத்து! அதுக்கு எங்க மானத்தை..."

"நிறுத்துடா!"

சமையலறையிலிருந்து அம்மா நாச்சம்மாள் வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"அம்மா, வேண்டாம்மா..."

"இனி என்னால முடியாது கண்ணு. டேய், அவிய வேண்டாங்கலை. இவதான் வேண்டாம்னா! உங்கப்பன் போனப்ப நீ எட்டாவது. நான் படுத்த படுக்கை. 'நான் போயிட்டாத் தம்பி படிப்பை விட்டுருவான்'னு நிச்சயத்தையே முறிச்சா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வேற வாங்கிட்டா... இருபத்திரண்டு வருசம்டா!"

சிவப்பிரகாஷ் ஃபைலைத் திறந்து தாள்களைப் புரட்டினான்.

"அக்கா... நான் எங்க கையெழுத்துப் போடோணும்?"

செல்வப்பிரியா ஃபைலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உன்ற கையெழுத்து வேண்டாம். என்ற கையெழுத்து ஒண்ணே போதும்." "கூட வர்றதுன்னா வா."

கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. கவுண்ட்டரிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார் யாரு? ஹஸ்பண்டா?"

செல்வப்பிரியா வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இல்லீங்க. பொறக்கப்போற கொழந்தைக்குத் தாய்மாமன்."

அத்தனை பேர் பார்க்க, தம்பியின் தோளில் முகம் புதைத்துச் சத்தமாகவே அழுதாள் செல்வப்பிரியா.